வௌவால் இறக்கையும் பறவை இறக்கையும்: எது உறவு, எது வெறும் ஒற்றுமை?

உயிரியல் படிப்பவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு நூல் வௌவாலின் இறக்கையையும் பறவையின் இறக்கையையும் அமைப்பொத்த உறுப்புகள் (ஒரே பூர்வீகம் கொண்டவை) என்று பட்டியலிடும். இன்னொரு நூல் அதே இணையைச் செயலொத்த உறுப்புகளுக்கு (ஒரே வேலையைச் செய்பவை) எடுத்துக்காட்டாகத் தரும். எது தவறு என்று கேட்டால், இரண்டுமே சரி என்பதுதான் பதில். அது எப்படி என்று விளங்க வேண்டுமானால் எலும்புகளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்று, இரண்டு, பல சிறியவை, விரல்கள்

மனிதக் கையில் தோளிலிருந்து முழங்கை வரை ஒரே எலும்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள், உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற விலங்குகளின் முன்கால்களைப் பார்க்கலாம்.

குதிரை நடப்பது நடுவிரல் ஒன்றின் நுனியில். குளம்பு என்பது அந்த விரலின் நகம். முன்காலின் ‘முழங்கால்’ என்று பலரும் சொல்லும் மூட்டு உண்மையில் மணிக்கட்டு. முழங்கை அதற்கு மேலே, உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பின் இருபுறமும் ஈர்க்குச்சிபோல இரண்டு எலும்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை 2-ஆம், 4-ஆம் விரல்களுக்கான உள்ளங்கை எலும்புகளின் மிச்சம். அவற்றின் கீழே விரல் கிடையாது.

வௌவாலில் 2 முதல் 5 வரையான விரல்கள் மிக நீண்டு மெலிந்து, அவற்றுக்கிடையே தோல் விரிந்திருக்கும். கட்டைவிரல் மட்டும் தனியே, நகத்தோடு, தொற்றிக்கொள்ள உதவும். திமிங்கிலத்தின் துடுப்புக்குள்ளும் அதே ஒன்று, இரண்டு, பல, விரல்கள் என்ற வரிசைதான். ஆனால் பாலூட்டிகளில் பொதுவாக ஒரு விரலுக்கு 3 எலும்புகள் இருக்குமிடத்தில் (கட்டைவிரலில் 2), சில திமிங்கில இனங்களில் ஒரே விரலில் பத்துக்கும் மேல் உண்டு. அகழெலியில் மேற்கை எலும்பு குட்டையாகி, மண் தோண்டும் தசைகள் பற்றிக்கொள்ளத் தோதாகப் பட்டையாக விரிந்திருக்கும். பறவையில் விரல்கள் மூன்றாகக் குறைந்து, மணிக்கட்டும் உள்ளங்கையும் பெரும்பாலும் ஒன்றாக இணைந்துவிட்டன.

தோண்ட, நீந்த, ஓட, பறக்க என்று வேலைக்கு ஒரு வடிவம். எலும்புகளின் வரிசை மட்டும் மாறவில்லை. பறக்கும் கருவியையும் நீந்தும் கருவியையும் புதிதாக வடிவமைக்கும் எவரும் இரண்டுக்கும் ஒரே சட்டகத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார். வேலை இந்த ஒற்றுமையை விளக்கவில்லை. வேறு ஏதோ விளக்க வேண்டும்.

இரண்டு சொற்கள், இரண்டு கேள்விகள்

இந்த ஒற்றுமையைப் பரிணாமக் கொள்கைக்கு முன்பே கவனித்தவர்கள் உண்டு. 1555-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் பெலோன், மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கமாக வரைந்து, ஒத்த எலும்புகளுக்கு ஒரே எழுத்துக் குறியிட்டார். 1843-இல் ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் இதற்கு வரையறை கொடுத்தார்.

1. அமைப்பொத்த உறுப்பு: வடிவமும் வேலையும் எவ்வளவு மாறியிருந்தாலும், வெவ்வேறு விலங்குகளில் இருக்கும் ‘அதே’ உறுப்பு.
2. செயலொத்த உறுப்பு: ஒரு விலங்கில் இன்னொரு விலங்கின் உறுப்பு செய்யும் அதே வேலையைச் செய்யும் உறுப்பு.

‘அதே’ என்றால் என்ன பொருளில் அதே? ஓவனின் பதில், எல்லா முதுகெலும்பிகளுக்கும் அடிப்படையான ஓர் ஆதி வடிவத் திட்டம் உண்டு என்பது. 1859-இல் டார்வின் அந்தத் திட்டத்தின் இடத்தில் ரத்தமும் சதையுமான ஒரு மூதாதையை வைத்தார். வௌவாலுக்கும் திமிங்கிலத்துக்கும் குதிரைக்கும் பொதுவான ஒரு மூதாதைக்கு அந்த முன்கால் இருந்தது. வாரிசுகள் அதை ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டன. அன்றிலிருந்து, ஓர் உறுப்பை அமைப்பொத்தது என்று சொல்வது அதன் வெளித்தோற்றத்தைப் பற்றிய கூற்று அல்ல, வம்சத்தைப் பற்றிய கூற்று. குழப்பங்களில் பாதி, இதை மறந்துவிட்டுத் தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதால் வருகிறது.

எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

மூதாதையை நேரில் பார்க்க வழியில்லை. எனவே கீழ்க்காணும் சோதனைகள். எந்த ஒன்றும் தனியாகப் போதாது.

1. இருப்பிடமும் இணைப்பும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு விலங்கியலாளர் செயிண்ட்-ஹிலேர் வலியுறுத்திய விதி: எலும்பு நீளலாம், சுருங்கலாம், மறையலாம், ஆனால் அக்கம்பக்கத்து எலும்புகளைத் தாண்டி இடம் மாறுவது மிக அரிது. அதனால் உருவத்தைவிட அது எதனோடு மூட்டுப் போட்டிருக்கிறது, எந்த நரம்பு அங்கே வருகிறது என்பதே நம்பகமான தடயம்.

2. உள்விவரத்தின் சிக்கல். ஓர் எளிய ஒற்றுமை தற்செயலாக வரலாம். பத்து நுண்விவரங்கள் சேர்ந்து ஒத்துப்போனால் தற்செயல் என்று சொல்வது கடினம்.

3. இடைநிலைகள். இரண்டு விலங்குகளின் உறுப்புகள் நேருக்கு நேர் ஒத்துப்போகாவிட்டாலும், நடுவே புதைபடிவங்களோ கருவளர்ச்சி நிலைகளோ சங்கிலி போட்டுக்கொடுத்தால் போதும். சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டிக்டாலிக் என்ற மீனின் துடுப்புக்குள் ஒன்று, இரண்டு, பல சிறியவை என்ற எலும்பு வரிசை உண்டு, விரல்கள் இல்லை. அதற்குச் சற்றுப் பின்பு வந்த அகாந்தோஸ்டெகா என்ற ஆரம்பகால நாலுகால் பிராணியின் முன்காலில் விரல்கள் 8. ஐந்து என்ற எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் நிலைத்தது.

4. ஒரே உடலில் இரண்டும் இருக்கக் கூடாது. ராட்சத பாண்டா மூங்கிலைப் பிடிக்கக் கட்டைவிரல் போன்ற ஒன்றைப் பயன்படுத்துகிறது. நம் கட்டைவிரலும் அதுவும் ஒன்றா? எண்ணிப் பார்த்தால் பாண்டாவின் கையில் வழக்கமான 5 விரல்களும் இருக்கின்றன, ‘கட்டைவிரல்’ ஆறாவது. உண்மையான கட்டைவிரல் பக்கத்திலேயே இருப்பதால் இது அது அல்ல. மணிக்கட்டின் உள்விளிம்பில் உள்ள ஒரு சிறு எலும்பு பெருத்து அப்படியாகியிருக்கிறது.

5. மற்றப் பண்புகளோடு பொருத்தம். கடைசியும் கடுமையானதும் இதுதான். ஓர் உறுப்பை வைத்துச் சொல்லும் உறவு, நூற்றுக்கணக்கான வேறு பண்புகளும் மரபணு வரிசைகளும் சொல்லும் உறவோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் அந்த ஒற்றுமை தனித்தனியாக உருவானது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஐந்தாவது சோதனை ஒரு பழைய குற்றச்சாட்டுக்கும் பதில். ‘பொது மூதாதையிலிருந்து வந்ததால் அமைப்பொத்தது என்கிறீர்கள்; அமைப்பொத்ததால் பொது மூதாதை இருந்தது என்கிறீர்கள்; இது வட்டவாதம்’ என்பது அந்தக் குற்றச்சாட்டு. முன்காலை வைத்தே முன்காலை நிரூபித்தால் அது வட்டவாதம்தான். ஆனால் இங்கே முதல் நான்கு சோதனைகளுக்கு மூதாதை தேவையில்லை. எலும்பையும் கருவையும் பார்த்தாலே செய்யலாம். அவற்றில் தேறிய ஊகத்தை, முன்காலோடு தொடர்பே இல்லாத டி.என்.ஏ. தரவு தனியே கட்டிய உறவு மரத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ஊகம் தோற்றுப்போக வழி இருக்கிறது. பல தடவை தோற்றும் இருக்கிறது.

தாடை காதான கதை

சோதனைகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க நடுக்காதைவிட நல்ல இடம் இல்லை.

பாலூட்டிகளின் நடுக்காதில் மூன்று எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. ஊர்வனவற்றிலும் பறவைகளிலும் ஒன்றே ஒன்று. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன? மறுபக்கம், பாலூட்டியின் கீழ்த்தாடை ஒவ்வொரு பக்கமும் ஒரே எலும்பு. ஊர்வனவற்றில் அது பல எலும்புகளின் கூட்டு. தாடை மூட்டும் வேறு. ஊர்வனவற்றில் மேலே குவாட்ரேட் என்ற எலும்பும் கீழே ஆர்ட்டிகுலர் என்ற எலும்பும் சேர்ந்து கீல் போடும். பாலூட்டியில் அந்த இரண்டையும் தாடையில் காணோம். மூட்டு வேறு இரண்டு எலும்புகளுக்கிடையில் இருக்கிறது.

ஒரு பக்கம் இரண்டு எலும்புகள் காணாமல் போயிருக்கின்றன, இன்னொரு பக்கம் இரண்டு கூடியிருக்கின்றன. 1837-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் ரைகெர்ட், பன்றிக் கருக்களை ஆராய்ந்து கணக்கை நேர் செய்தார். கருவில் சுத்தி எலும்பு உருவாவது கீழ்த்தாடையின் குருத்தெலும்புக் கம்பியின் பின்முனையிலிருந்து, அதாவது ஊர்வனவற்றில் ஆர்ட்டிகுலர் உருவாகும் அதே இடத்திலிருந்து. பட்டடை எலும்பு குவாட்ரேட்டின் இடத்திலிருந்து. காதில் சுத்தியும் பட்டடையும் ஒன்றோடொன்று போடும் மூட்டு, பழைய தாடைக் கீலேதான். அங்கவடிக்கு இன்னும் பழைய பூர்வீகம்: மீனில் தாடையை மண்டையோட்டோடு தாங்கிப் பிடித்த எலும்பு அது.

கேட்பதற்கு நம்பமுடியாததாக இருப்பதால் நியாயமான எதிர்க்கேள்வி எழுந்தது. தாடைக் கீல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுவதென்றால், நடுவில் ஒரு தலைமுறை எப்படி மென்று தின்றிருக்கும்? பதில் புதைபடிவங்களில் இருந்தது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மோர்கனுகோடான் என்ற சிறு விலங்கின் தாடையில் பழைய மூட்டும் புதிய மூட்டும் அருகருகே இரண்டுமே இருக்கின்றன. புதிய மூட்டு பாரத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, பழைய எலும்புகள் மெலிந்து, ஏற்கெனவே ஓரளவு செய்துகொண்டிருந்த அதிர்வு கடத்தும் வேலைக்கு முழுநேரமாகப் போய்விட்டன. இன்றும் மிகக் குறைவளர்ச்சியில் பிறக்கும் பைப்பாலூட்டிகளின் குட்டிகளில், பிறந்த நேரத்தில் இந்தக் காதெலும்புகள் தாடையோடு ஒட்டியே இருக்கும்; பின்பு வளர வளரப் பிரியும்.

உருவத்தைப் பார்த்து யாரும் சுத்தி எலும்பையும் பல்லியின் தாடை எலும்பையும் சேர்த்திருக்க முடியாது. வேலையைப் பார்த்தால் இன்னும் முடியாது.

ஒத்திருந்தும் உறவில்லாதவை

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இருப்பது குவி பரிணாமம்: தொடர்பில்லாத மரபுகள் ஒரே மாதிரியான வாழ்க்கைக்கு ஒரே மாதிரியான தீர்வை எட்டுவது. இதை அடையாளம் காணும் நடைமுறை எளிது. எங்கே ஒற்றுமை வேலைக்குத் தேவைப்படாதோ அங்கே பார்க்க வேண்டும்.

டால்பினும், அழிந்துபோன கடல் ஊர்வனவான இக்தியோசாரும் வெளிக்கோட்டில் ஒன்றுபோலவே இருக்கும். வாலைப் பாருங்கள். இக்தியோசாரின் வால்துடுப்பு செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அடிக்கும். அதன் முதுகெலும்பு வாலின் கீழ் இதழுக்குள் வளைந்து இறங்கும். டால்பினின் வால் கிடைமட்டம், மேலும் கீழும் அடிக்கும். நிலத்தில் ஓடிய பாலூட்டிகளின் முதுகு மேலும் கீழுமாக வளைந்து பழகியது. டால்பின் அந்தப் பழக்கத்தைக் கடலுக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறது.

ஆக்டோபசின் கண்ணில் நம்முடையதுபோலவே வில்லை, பாவை, விழித்திரை எல்லாம் உண்டு. ஆனால்:

1. நம் விழித்திரை கருவில் மூளையிலிருந்து புடைத்து வளர்கிறது. ஆக்டோபசின் விழித்திரை மேல்தோல் உள்மடிந்து உருவாகிறது.
2. நம் கண்ணில் நரம்பிழைகள் ஒளியுணர் செல்களுக்கு முன்னால் ஓடி, ஓரிடத்தில் துளைத்து வெளியேறுகின்றன, அங்கே குருட்டுப்புள்ளி. ஆக்டோபசில் இழைகள் பின்னால் ஓடுவதால் குருட்டுப்புள்ளி இல்லை.
3. குவியப்படுத்த நாம் வில்லையின் வடிவத்தை மாற்றுகிறோம். ஆக்டோபஸ் வில்லையை முன்னும் பின்னும் நகர்த்துகிறது.

எலும்பும் சதையும் ஏமாற்றும், மூலக்கூறு ஏமாற்றாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். எதிரொலியால் வழியறியும் வௌவால்களிலும் டால்பின்களிலும் பிரெஸ்டின் என்ற காதுப் புரதம் ஒரேபோல மாறியிருக்கிறது. அந்த ஒரு புரதத்தை மட்டும் வைத்து உறவு மரம் வரைந்தால், அவ்வகை வௌவால்கள் மற்ற வௌவால்களை விட்டுவிட்டு டால்பின்களோடு போய்ச் சேர்ந்துவிடும். இது 2010-இல் வெளியான முடிவு.

இப்போது அந்த இறக்கைக்கு வருவோம்

வௌவாலுக்கும் பறவைக்கும் கடைசியான பொது மூதாதை 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த நாலுகால் பிராணி. அதற்கு முன்கால் இருந்தது, இறக்கை இல்லை. ஆகவே, முன்கால் என்ற அளவில் இரண்டும் அமைப்பொத்தவை. இறக்கை என்ற அளவில் செயலொத்தவை மட்டுமே. பறத்தல் இரண்டு மரபிலும் தனித்தனியே வந்தது.

கட்டுமானமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. வௌவாலின் இறக்கைப் பரப்பு நான்கு விரல்களுக்கிடையே விரிந்த தோல். பறவையில் அது கை எலும்புகளில் ஊன்றிய இறகுகள். விரல்கள் விரிவதற்குப் பதில் சுருங்கிவிட்டன. மூன்றாவதாக, அழிந்துபோன பறக்கும் ஊர்வனவான டெரோசார்கள் தோலைத் தாங்கியது நீண்ட நான்காம் விரல் ஒன்றால். ஒரே கையை வைத்து மூன்று வெவ்வேறு இறக்கைகள்.

எனவே ‘இவை அமைப்பொத்தவையா?’ என்பது அரைக் கேள்வி. ‘எதுவாக அமைப்பொத்தவை?’ என்று முடித்தால்தான் பதில் சொல்ல முடியும். நூல்கள் இரண்டும் இந்தப் பின்பாதியைச் சொல்லாமல் விடுவதுதான் சிக்கல். ஈயின் இறக்கையைச் சேர்த்தால் பாதிச் சிக்கலும் போய்விடும்: அது முன்காலாகவும் பறவையின் முன்காலோடு பொருந்தாது, இறக்கையாகவும் பொருந்தாது.

மருத்துவருக்கு இது எதற்கு?

குரல்வளையை இயக்கும் நரம்பு ஒன்று மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, குரல்வளையைக் கடந்து மார்புக்குள் போய், இடப்பக்கத்தில் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்று 4 மீட்டருக்கும் மேல். நேர்வழியோ சில சென்டிமீட்டர்.

காரணம் மீனில் இருக்கிறது. அங்கே இந்த நரம்பின் முன்னோடி, செவுள்களுக்குப் போகும் தமனிகளின் பின்புறமாக நேராகவே செல்கிறது. கழுத்து உருவாகி, இதயம் மார்புக்குள் இறங்கியபோது, தமனி தன்னோடு நரம்பையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. நரம்பை அறுத்து மறுபக்கம் போட்டு ஒட்டும் வசதி கருவளர்ச்சியில் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாக நீட்டுவது மட்டுமே முடிந்தது.

நடைமுறையில் இதன் விளைவுகள்:

1. தைராய்டு அறுவையில் இந்த நரம்பு கத்திக்கு மிக அருகில் இருக்கும். அடிபட்டால் குரல் கம்மும். இருபக்கமும் அடிபட்டால் மூச்சே சிக்கலாகும்.
2. காரணமில்லாமல் நீடிக்கும் குரல் கம்மலுக்கு மார்புப் படமும் எடுக்கிறார்கள். நுரையீரல் கட்டியோ பெருந்தமனி வீக்கமோ மார்புக்குள் அந்த நரம்பை அழுத்தக்கூடும்.
3. அரிதாகச் சிலருக்கு வலது கைக்குப் போகும் தமனி வழக்கமான வளைவிலிருந்து உருவாகாமல் வேறிடத்திலிருந்து கிளம்பும். நரம்பை இழுத்துச் செல்லும் தமனி இல்லாததால், வலது நரம்பு வழக்கம்போல் அந்தத் தமனியைச் சுற்றாமல் நேராகவே குரல்வளைக்கு வந்துவிடும். வழக்கமான இடத்தில் தேடும் அறுவை மருத்துவர் எதிர்பாராத இடத்தில் அதை வெட்டிவிடும் அபாயம் உண்டு.

மரபணுக்களில் இதே பிரச்சினை

மரபணுக்களுக்கும் வம்சம் உண்டு. இங்கே உறவு இரண்டு வழியில் வரலாம். இனங்கள் பிரிந்ததால் பிரிந்த மரபணுக்கள் ஒரு வகை: மனிதனின் ஹீமோகுளோபின் ஆல்ஃபா, குதிரையின் ஆல்ஃபா. ஒரே உடலுக்குள் மரபணு இரட்டித்ததால் உண்டானவை இன்னொரு வகை: மனிதனின் ஆல்ஃபா, மனிதனின் பீட்டா. ஆல்ஃபா புரதத்தில் உள்ள 141 அமினோ அமிலங்களில் மனிதனுக்கும் குதிரைக்கும் 18 மட்டுமே வேறுபடுகின்றன. மனிதனின் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் ஒப்பிட்டால் பாதிக்கும் மேல் வேறுபடும். ஏனென்றால் இரட்டிப்பு, மனிதனும் குதிரையும் பிரிவதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது.

இன்னும் ஆழத்தில் ஒரு திருப்பம். 1995-இல் எலியின் பாக்ஸ்-6 என்ற மரபணுவைப் பழ ஈயின் காலில் இயங்கச் செய்தபோது, காலில் கண் முளைத்தது. எலிக் கண் அல்ல, ஈயின் கூட்டுக் கண். ஈயின் கண்ணும் எலியின் கண்ணும் கண் என்ற அளவில் தனித்தனியாக உருவானவை. அவற்றைக் கட்டத் தொடங்கச் சொல்லும் மரபணுவோ ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. இறக்கைக்குக் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்: கண்ணாகவா, கண்ணைத் தூண்டும் மரபணுவாகவா?

ஆய்வுச் செய்திகளில் ‘இந்த மரபணு மனித மரபணுவோடு 80 சதவீதம் அமைப்பொத்தது’ என்பது போன்ற வாக்கியங்கள் வருவதுண்டு. அது தவறான பயன்பாடு. வம்ச உறவு உண்டு அல்லது இல்லை. அதில் சதவீதம் கிடையாது. 80 சதவீதம் என்பது எழுத்து வரிசையின் ஒற்றுமை. உறவை ஊகிக்க உதவும் சான்று, உறவு அல்ல. இது வெறும் சொல்திருத்தமும் அல்ல. தரவுத்தளத்தில் தேடி, அதிக ஒற்றுமை காட்டிய மரபணுவின் வேலையையே புதிய மரபணுவுக்கும் எழுதிவிடும் வழக்கம் உண்டு. அந்த ஒற்றுமை இரட்டிப்பால் வந்ததாக இருந்தால், இரண்டில் ஒன்று வேறு வேலைக்கு மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படி ஒட்டிய தவறான பெயரை அடுத்த தேடல் சான்றாக எடுத்துக்கொண்டு இன்னொரு மரபணுவுக்கும் ஒட்டும்.